எய்னோவின் 'பரவாயில்ல'

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். பரவாயில்ல.

சுரங்கத்தில் அவள் புருஷன் எய்னோ ஓட்டிய வண்டி ஒரு வீட்டளவு பெரியது. இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு வரும்போது ஒருநாள் அது சரிவில் சாய்ந்தது. தகரத்தை வெட்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடிய மார்லிஸைப் பார்த்து அவன் சொன்னது: "பரவாயில்ல." அதற்கு முன்னால் மகள் பிறந்தபோது, துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அப்போதும் அதையேதான் சொன்னான். நல்லதுக்கும் அதே வார்த்தை, கெட்டதுக்கும் அதே வார்த்தை. மினசோட்டாவின் அந்தச் சுரங்க ஊர்களில் ஃபின்லாந்து வம்சத்து ஆம்பளைகள் எல்லோருமே இப்படித்தான். மார்லிஸ் ஸ்லோவேனியக் குடும்பம். அவள் பிறந்த வீட்டில் கால் விரலைக் கதவில் இடித்துக்கொண்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

பள்ளிக்கூடச் சமையலறை வேலையை முடித்துவிட்டு அன்றைக்கு அவள் பின்கதவைத் திறந்து உள்ளே வந்தாள். பூட்ஸிலிருந்து பனிச்சேறு சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எய்னோ பாத்திரத் தொட்டி முன்னால் நின்று கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.

நின்றுகொண்டு.

"என்ன பண்ற?" என்றாள்.

"கிழங்கு சீவுறேன். பேஸ்டி பண்ணலாம்னு."

"நின்னுக்கிட்டா?"

"உக்காந்து சீவுனா தோலெல்லாம் மடியில விழுது."

வண்டி சாய்ந்த பிறகு அவன் முதுகில் ஒரு ஆபரேஷன் செய்தார்கள். அது சரிவரவில்லை என்று இன்னொன்று செய்தார்கள். இரண்டாவதற்குப் பிறகு அவனால் ஒரு பல் துலக்கும் நேரம்கூடச் சேர்ந்தாற்போல் நிற்க முடிந்ததில்லை. தொட்டியின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் துலக்குவான். இப்போது அவன் முன்னால் ஒரு பானை நிறையச் சீவிய கிழங்கு கிடந்தது.

எல்லாம் அந்தப் பெட்டியின் வேலை. டுலூத் நகரத்தில் இருக்கிற வலி ஆஸ்பத்திரியில் அவன் முதுகுத்தண்டின் ஓரமாக இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி, அதன் நுனியை வெளியே இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். பெட்டி விடுகிற மின்சாரம் நரம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும், வலியை மேலே ஏறவிடாமல் மறித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் வெள்ளோட்டம். வலி பாதியாவது குறைந்தால் கம்பிகளை உருவிவிட்டு, பிறகு ஒருநாள் பெட்டியையும் கம்பியையும் உடம்புக்குள்ளேயே பதிப்பார்கள். பாதி குறையாவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். அப்புறம் திரும்பவும் மாத்திரைதான்.

மாத்திரை என்று நினைத்தாலே மார்லிஸுக்குக் குளியலறைத் தரைதான் கண்ணில் வரும். போன ஜனவரியில் அங்கே உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனை, தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து மூக்கில் மருந்து அடித்து எழுப்பினார்கள். எண்ணிக்கை தப்பிவிட்டது என்றான். அன்றிலிருந்து புட்டியை அவள்தான் பூட்டி வைத்து எடுத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழையும்போது முதலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பதில் வருகிறவரை கோட்டைக் கழற்றுவதில்லை.

தொலைபேசி அடித்தது. கிழங்கையும் கறியையும் உள்ளே வைத்து மடித்துச் சுடுகிற பேஸ்டிக்கு எய்னோ மாவு பிசைந்துகொண்டிருந்தான், கையெல்லாம் மாவு. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். பெட்டி தயாரிக்கிற கம்பெனியின் ஆள் டாஸன். தினமும் கூப்பிட்டு விசாரிப்பது அவன் வேலை. குரலில் எப்போதும் கல்யாண வீட்டுக் குஷி.

"எய்னோ! எப்படி இருக்கீங்க இன்னைக்கு?"

"பரவாயில்ல."

"சூப்பர்! பத்துக்கு எத்தன போடலாம் வலிக்கு?"

"மூணு."

"அருமை! கம்பி வைக்கிறதுக்கு முன்னாடி நாலு சொன்னீங்க, இப்போ மூணு. எறங்குது பாருங்க!"

மார்லிஸ் கழற்றிய பூட்ஸைக் கீழே போட்டாள். "நாலா?"

"ஓ, மேடமும் இருக்கீங்களா! ஹலோ மேடம்!"

"நாலுன்னு யாரு சொன்னா?"

"உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார் மேடம். மொதல் நாள் கேட்டோமே. நீங்க வண்டி நிறுத்தப் போயிருந்தீங்கன்னு நெனைக்கிறேன்."

எய்னோ சுண்டு விரலால் போனை அணைத்தான். பிறகு மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தான்.

"என்ன பாரு எய்னோ. நாலா? உன் பூட்ஸ் நாடாவ தெனமும் யாரு கட்டி விடுறா? கக்கூஸ்லேருந்து எழுந்திரிக்க முடியாம கதவ தட்டுறியே, அது நாலா?"

"பத்துன்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சொல்லேன் கேப்போம்."

அவன் மாவில் தண்ணீர் தெளித்தான்.

"இப்பவே அவனக் கூப்பிடு. தப்பா சொல்லிட்டேன், எட்டுன்னு மாத்திக்கச் சொல்லு."

"அன்னைக்கு நாலுன்னேன். இன்னைக்கு எட்டுன்னா என்ன நெனப்பாங்க? காரியம் ஆகணும்னு புளுகுறான்னு நெனப்பாங்க."

"நெனச்சுட்டுப் போகட்டும்!"

"நான் புளுக மாட்டேன் மார்லிஸ்."

"நீ புளுகுனது அன்னைக்குடா!" என்று கத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எய்னோ மாவை உருட்டித் தட்டினான். அன்று இரவு அவன் செய்த பேஸ்டியைக் கோபத்தோடேயே நாலு தின்றாள்.

சனிக்கிழமை அவள் தம்பி ரூடி வந்தான். சனிக்கிழமை என்றால் சௌனா. கொல்லையில் இருக்கிற மரக்கொட்டகையில் அடுப்பைப் பற்றவைத்து, கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து வேர்ப்பது. ஜுரம் வந்தால்கூட எய்னோ அதை விட்டதில்லை. இந்த வாரம் உடம்பில் ஈரம் படக்கூடாது, குனியக்கூடாது, திரும்பக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் அவன் மற்றவர்களுக்காக அடுப்பு மட்டும் பற்றவைத்துவிட்டு, வெளியே பனியில் பெஞ்சில் உட்கார்ந்து புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சாமி கும்பிடுகிற மாதிரி.

ரூடி துண்டோடு வெளியே வந்தான். அவன் உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

"மாமா, அந்த ரிமோட்ட காட்டு. பெட்டிய கூட்டிக் கொறைக்கிறதாமே."

"தொடாத."

"அக்காகிட்ட குடுத்துடு மாமா. நீ வாய் தொறக்கலன்னா அக்கா ஒரு தட்டு தட்டட்டும்."

"அவ கையில குடுத்தா எனக்கு இந்நேரம் முடியெல்லாம் நட்டுக்கிட்டிருக்கும்."

ரூடி சிரித்துச் சிரித்துப் பனியில் வழுக்கி விழப் பார்த்தான். வீட்டின் பின்கதவுக்குப் பின்னால் நின்ற மார்லிஸ் சிரிக்கவில்லை. அவள் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எய்னோ வெகு நேரமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒருதரம்கூட இடுப்பை மாற்றி வைக்கவில்லை. கையை ஊன்றவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. இந்த மனுஷனைத்தான் நாலிலிருந்து மூன்று என்று சொல்லித் திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

கம்பி உருவுகிற நாள் காலையில் டுலூத்துக்கு அவள்தான் ஓட்டினாள். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கிழங்கு சீவினதைச் சொல்லு. தபால் பெட்டி வரைக்கும் நடந்ததைச் சொல்லு. நாடா நீயே கட்டினதைச் சொல்லு. அவன் "ம்" என்றான். எல்லாவற்றுக்கும் ஒரே "ம்".

அறையில் டாஸன் காத்துக்கொண்டிருந்தான். பளபளக்கும் காலணி. கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் வேறொரு நோயாளியோடு இருந்தார். நர்ஸ் ஒருத்தி எய்னோவைக் குப்புறப் படுக்கவைத்து, பிளாஸ்திரியைப் பிரித்து, கம்பிகளை நூல் உருவுகிற மாதிரி உருவிப் போட்டுவிட்டுப் போனாள். எய்னோ எழுந்து சட்டையை மாட்டினான்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி எய்னோ," என்றான் டாஸன். "இந்த வாரம் பூரா வச்சுப் பாத்தா, வலி எத்தன?"

"மூணு."

டாஸனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டான். "இங்க பாருங்க எய்னோ. நாலுலேருந்து மூணுன்னா கால்வாசிதான். பாதி வேணும். நான் ஒண்ணும் சொல்லித்தரல. ஆனா ரெண்டுன்னு வச்சுக்கலாமா? அம்பது சதவீதம்? நீங்க சும்மா தலைய ஆட்டுனா போதும்."

மார்லிஸுக்கு உயிர் வந்தது. ஆட்டுடா, என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஆட்டு.

எய்னோ டாஸனை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பழைய கார் விற்க வந்தவனை, மதம் மாற்ற வந்தவனை, ஓட்டுக் கேட்க வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"பொட்டி விக்கிறது உன் வேலையா?"

"இல்ல இல்ல, உங்க நல்லதுக்குத்தான்..."

"மூணுன்னா மூணு," என்றான் எய்னோ. "உனக்காக ரெண்டுன்னு சொல்ல மாட்டேன்."

டாஸன் தோளைக் குலுக்கிவிட்டுப் பலகையில் எதையோ தட்டினான். "அப்போ பலன் போதலன்னுதான் எழுதணும். ஸாரி எய்னோ."

மார்லிஸ் எழுந்ததில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. "ஏம்ப்பா, உனக்கு அறிவு இருக்கா? உண்மையிலேயே பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. அத நீ பொய் சொல்லச் சொல்ற மாதிரி கேட்டா, இந்த ஊரு ஆம்பள ஒத்துக்குவானா? உண்மையைச் சொல்ல இருந்தவனையும் பொய்யன் மாதிரி ஆக்கிட்டியே!"

"மேடம், நான் உதவி பண்ணத்தான்..."

"பண்ணிக் கிழிச்ச!" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ. நீ ஒரு மரக்கட்ட. கல்லு. உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்த சௌனா அடுப்பக் கட்டிக்கிட்டிருக்கலாம். அதுவாவது சூடு பட்டா வெடிக்கும்."

"போலாம் மார்லிஸ்," என்றான் எய்னோ.

லிப்டில் இறங்கும்போதே அவன் சுவரில் தோளைச் சாய்த்தான். கம்பி போய்விட்டது, மறிக்க ஆளில்லை. வாகனம் நிறுத்துகிற இடத்துக்கு வருவதற்குள் நடை மாறிவிட்டது. பழைய நடை. ஒரு காலை இழுத்து, இடுப்பை ஒருபக்கம் ஒதுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து. ஏரியிலிருந்து ஊசி மாதிரி ஐஸ் மழை அடித்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய பிக்கப் வண்டி உயரமானது. எப்போதும் அவள்தான் அவன் காலைத் தூக்கி உள்ளே வைப்பாள். இன்றைக்கு நேராகப் போய் தன் பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். எஞ்சினைப் போட்டாள். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எய்னோ அந்தப் பக்கக் கதவைத் திறந்தான். கைப்பிடியைப் பிடித்தான். ஒரு காலைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி பார்த்தான்.

"ஏறு," என்றாள். "நாலுதானே? நாலுக்கு ஏறலாம். ஏறு."

தான் பேசுவது எவ்வளவு கொடுமை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஐஸ் அவன் தொப்பியில் பட்டுத் தெறித்தது. அவன் நெற்றியைச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றான்.

"மார்லிஸ்."

"என்ன?"

"முடியல."

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவன் தன் அம்மாவின் சவப்பெட்டியைச் சுமந்த அன்றைக்கும் இல்லை. கேட்டால் மனசு இளகும் என்று நினைத்திருந்தாள். இளகவில்லை. மண்டைக்கு ஏறியது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிச் சுற்றி வந்தாள்.

"இத ஏன்டா என்கிட்ட சொல்ற? நான்தான் தெனம் பாக்குறேனே! பாக்காதவன்கிட்ட சொல்லு! ஆஸ்பத்திரிக்குள்ள திரும்ப மேல வா!"

"டாஸன் போயிருப்பான்."

"அவன் போகட்டும் எங்கேயோ. டாக்டர்கிட்ட."

அவன் கைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனாள். வரவேற்பில் இருந்த பெண், டாக்டருக்கு அடுத்த நோயாளி இருக்கிறார், வேறொரு நாளைக்கு வரச்சொல்லி எழுதித் தருகிறேன் என்றாள். மார்லிஸ் அங்கேயே, எல்லோர் முன்னாலும், தொண்டை கிழிய ஸ்லோவேனிய வீட்டுக் குரலில் ஒரு கூப்பாடு போட்டாள். மூன்று கதவுகள் திறந்தன. மூன்றாவதில் டாக்டர் லிண்ட்வால் நின்றார். நரைத்த குட்டை முடிக்காரி.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எய்னோ உட்காரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நம்பர் வேண்டாம்," என்றார் டாக்டர். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பத்துன்னா உங்களுக்கு என்ன?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். டாக்டர் அவளைப் பார்க்காமலே கையைக் காட்டினார். "அவர் சொல்லட்டும்."

எய்னோ தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். வெளியே யாரோ இருமினார்கள்.

"ரெய்னோன்னு ஒருத்தன்," என்றான் எய்னோ கடைசியில். "என்கூட வேல பாத்தான். மண்வாரி இயந்திரத்துக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். எடுக்குற வரைக்கும் நான்தான் கைய புடிச்சிட்டு இருந்தேன். பேசிக்கிட்டே இருந்தான். அவனுக்கு பத்து." மேஜை விளிம்பை இன்னொரு கையாலும் பிடித்தான். "நான் அவன் இல்ல. நான் நிக்கிறேன், சாப்புடுறேன். நான் எப்படி எட்டு, ஒம்பதுன்னு சொல்றது? கூச்சமா இருக்காதா?"

டாக்டர் ஒன்றும் எழுதவில்லை. "சரி. ராத்திரி எப்படி தூங்குறீங்க?"

"வண்டியில."

"எந்த வண்டியில?" என்றாள் மார்லிஸ்.

"கராஜுல நிக்கிற பழைய கார்ல. நீ தூங்குனப்புறம் போயிடுவேன். அந்த சீட்டுல சாஞ்சா கொஞ்சம் தேவல. காலையில நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள வந்து படுத்துப்பேன்."

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளா." பிறகு அவளைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னான். "இந்த வாரம் போகல. இந்த வாரம் கட்டில்லதான் படுத்தேன்."

டாக்டர் கேட்டார்: "ஜனவரியில மாத்திரை கூடிப்போச்சுன்னு எழுதியிருக்கு. எண்ணிக்கை தப்பிடுச்சுன்னு."

எய்னோவின் கை மேஜை விளிம்பில் வெளுத்தது.

"தப்பல," என்றான்.

மார்லிஸுக்கு அந்த ஜனவரி நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் டிவியில் ஏதோ போட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குளியலறைக்குப் போகும்போது அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனான். முதுகு எப்படி இருக்கு என்று கேட்டாள். அவன் என்ன பதில் சொன்னான் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

டாக்டர் நாற்காலியை நகர்த்தி அவன் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டார். இந்த வாரம் இல்லை என்றான். கம்பியை உருவினதுக்கப்புறம் என்று கேட்டார். அவன் பதில் சொல்லத் தயங்கினான். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் டாக்டர், இதற்கென்று இருக்கிற இன்னொரு டாக்டரை அங்கேயே வரவழைத்தார். அவரோடு எய்னோ தனியாக வெகு நேரம் பேசினான். மார்லிஸ் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தன் கையுறையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

லிண்ட்வால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்பர வெச்சு எழுத மாட்டேன். கட்டில்ல படுத்தாரு, நின்னு சமைச்சாரு, நடந்தாருன்னு எழுதுவேன். வெள்ளோட்டம் ஜெயிச்சதுன்னுதான் எழுதுவேன். காப்பீட்டுக்காரங்க மொதல்ல மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. சண்ட போடணும்."

"சண்ட எனக்கு விடுங்க," என்றாள் மார்லிஸ்.

"உங்க கொரலக் கேட்டேன்," என்றார் டாக்டர். "எல்லாருமே கேட்டோம்."

வீட்டுக்குத் திரும்பும்போது மழை நின்றிருந்தது. அவள் அவனைத் தூக்கி வண்டியில் வைத்தாள். ஊர் எல்லை தாண்டியதும் சாலையோரம் நிறுத்தினாள். ஸ்டீயரிங்கைக் கையால் ஓங்கி அடித்தாள். ஹார்ன் அலறியது. மறுபடி அடித்தாள்.

"நான் பக்கத்து ரூம்ல இருந்தேன்டா! பத்தடியில! டிவி பாத்துக்கிட்டு! கேட்டேன் உன்ன, எப்படி இருக்குன்னு கேட்டேன்! என்ன முட்டாளாக்கி உக்கார வெச்சுட்டுப் போகப் பாத்தியே!"

"உனக்கு கஷ்டம் வேண்டாம்னு..."

"கஷ்டமா? செத்தவன தூக்கிப் போடுறது கஷ்டம் இல்லியா? இத்தன வருஷமா ஒரு பொய்யனோட படுத்திருக்கேன். இல்ல, படுக்கக்கூட இல்ல. நீதான் கராஜுல இருந்தியே!" அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததில் இன்னும் கோபம் வந்தது. "இனிமே வலிச்சா கத்துற. நான் தூங்குனா எழுப்பிக் கத்துற. கோயில்ல இருந்தாலும் கத்துற. புரியுதா?"

"ம்."

"ம்முன்னா கொன்னுடுவேன்."

"சரி."

மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஏப்ரல் மாதச் சாலை. பனி உருகித் தார் பெயர்ந்து வழியெல்லாம் குழி. முதல் குழியில் வண்டி தூக்கிப் போட்டது. எய்னோ பல்லைக் கடித்தான். அவள் திரும்பி முறைத்தாள்.

"ஆ," என்றான் எய்னோ. சத்தமில்லாமல், வெட்கப்பட்டுக்கொண்டு.

"கேக்கல."

அடுத்த குழி. "ஆ!" என்றான். "எங்க பாத்து ஓட்டுற? இடது பக்கம் ஒதுங்க வேண்டாமா?"

"இடது பக்கம் லாரி வருது!"

"லாரி வருதுன்னா மெதுவா போ! ஐயோ! அம்மா! கண்ணு தெரியலயா உனக்கு? இடுப்பு எலும்பு கழுத்துக்கு வந்துடுச்சு! லைசென்ஸ் எவன்டி குடுத்தான் உனக்கு?"

"உன்னக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே வாங்குனேன்! பிடிக்கலன்னா எறங்கி நட!"

"நடக்க முடிஞ்சா நான் ஏன் இதுல உக்காந்திருக்கேன்! இந்தா, முன்னாடி பாரு, இன்னொண்ணு!"

மார்லிஸ் பிரேக்கை மிதித்து வண்டியை ஊர விட்டாள். குழியில் சக்கரம் மெத்தையில் இறங்குகிற மாதிரி இறங்கி ஏறியது. அதற்கும் அவன் கத்தினான்.